பஞ்சு விடாத துணி

உட்காருங்க தம்பி. வண்டி வருகிற நேரம்தான். தாராபுரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறீங்க, வண்டியைக் கண்ணால் பார்க்காமல் உங்களை அனுப்பமாட்டேன். டீ ஆறுகிறது, குடிங்க.

ஆனால் வண்டி வருவதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரி வந்துவிட்டால் பேச முடியாது. போனில் அந்த விளம்பரத்தைப் போட்டுக் கொடுத்தவர் எதிர்வீட்டு நடேசன். 'ஆட்டோமேட்டிக் கார், ஒரே கை, நல்ல கண்டிஷன்' என்று அவர்பாட்டுக்கு எழுதிவிட்டார். ஒரே கையெல்லாம் இல்லைங்க, எங்களுக்கு முன்னால் ஒரு டாக்டர் வைத்திருந்தார். நல்ல கண்டிஷனும் இல்லை. கியர் பாக்ஸ் வழுக்குகிற வண்டி. நான் முப்பத்தொரு வருஷம் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவன். ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் பீஸைத் தூக்கித் தனியாகப் போட்ட கை இது. குறையுள்ள சரக்கை மறைத்து இன்னொருத்தர் தலையில் கட்ட எனக்கு வராது.

இப்போது வழுக்குகிறதா என்று கேட்டால், இல்லை. ரெண்டு மாசமாக வழுக்கவில்லை. அது வேற விஷயம். வழுக்கின வண்டிதானே?

வண்டி என் வீட்டுக்காரி சாந்தாமணி பேரில் இருக்கிறது. கணக்கு டீச்சர். சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது, கிளட்ச்சை மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே கிடையாது அல்லவா, அதனால் பதினொரு வருஷத்துக்கு முன்னால் தேடிப்பிடித்து வாங்கினோம். ஸ்கூல் ஊத்துக்குளி தாண்டி, பதினெட்டு கிலோமீட்டர். அவளே ஓட்டிக்கொண்டு போவாள், அவளே ஓட்டிக்கொண்டு வருவாள். ஓட்டுவதோடு சரி. பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டவன் நான்.

காலையில் ஆறு மணிக்கு எழுந்ததும் பானெட்டைத் திறந்துவிடுவேன். இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணி, அப்புறம் கியர் பாக்ஸ் ஆயில். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டுச் சூடு ஏறினதும் அளவுக் குச்சியை உருவவேண்டும். துடைக்கவேண்டும். மறுபடி உள்ளே விட்டு எடுத்து, ஆயில் கோட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். துடைக்க எங்க கம்பெனியில் வெட்டி மிஞ்சின கட் பீஸ் துணி வைத்திருப்பேன். வெள்ளை வெளேரென்று, பூ மாதிரி இருக்கும். ஒரு நாளும் விட்டதில்லைங்க. எங்க அப்பா காரியத்தன்றைக்குக்கூடக் குச்சியைப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். இந்தத் தெருவில் எத்தனையோ கார் நிற்கிறது, எவனும் வருஷத்துக்கு ஒரு தடவைகூட அந்தக் குச்சியைத் தொடுவதில்லை. அவன் வண்டியெல்லாம் ஓடுகிறது. என் வண்டி வழுக்குகிறது. இதைவிட அநியாயம் உண்டா சொல்லுங்க.

போன ஆடியில்தான் ஆரம்பித்தது. ஸ்கூலிலிருந்து வந்தவள், வண்டி இழுக்கமாட்டேங்குது என்றாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறதாம், வண்டி வேகமே எடுக்கவில்லையாம். நீ எப்படி மிதித்தாய் என்று கேட்டேன். எப்போதும் மிதிக்கிற மாதிரிதான் என்றாள். எப்போதும் மிதிக்கிற மாதிரி மிதித்தால் எப்போதும் போகிற மாதிரி அல்லவா போகும்? அதைத்தான் நான் சொன்னேன். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாள்.

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை என்று ஆகிவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்றும் இருக்காது. இருபது நிமிஷம் ஓடினதும் வழுக்கும். ஒரு நாள் ரயில்வே மேம்பாலத்தின் நடு ஏற்றத்தில் மொத்தமாக நின்றுவிட்டது. காலை எட்டரை மணி. பின்னால் கம்பெனி பஸ், லாரி, அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறான். இவள் மெதுவாகப் பின்னால் உருட்டி ஓரம் கட்டிவிட்டு, இறங்கி வெயிலில் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினாள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் வண்டி தானாகச் சரியாகிவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வேகாத வெயிலில் ஓடி வந்தால், "இப்பப் போகுதுங்க" என்கிறாள். "சித்த நேரம் நிறுத்தி வச்சா சரியாயிடுதுங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

"வண்டிக்கென்ன மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். தமாஷாகத்தான் கேட்டேன். அவளுக்கு அது தமாஷாகப் படவில்லை.

முதலில் குப்புராஜ் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். என் ஸ்கூட்டரைப் பார்க்கிற ஆள், நல்ல கைராசி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு வண்டி முன்னால் நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தோம். அவன் எடுத்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வண்டி அம்சமாக ஓடுகிறதே சார் என்றான். அவளைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். பிரேக்கில் கால் பட்டுக்கொண்டே இருந்தால் இழுக்காது, லேடீஸ் ஓட்டுகிற வண்டியில் இது சகஜம் என்றான். நானும் சிரித்துவைத்தேன். தொழில் தெரிந்தவன் சொல்லும்போது என்ன பண்ணுவது? சாந்தாமணி சிரிக்கவில்லை. சரி எதற்கும் இருக்கட்டும் என்று கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றச் சொன்னேன். பழைய ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றினான். ரெண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அடுத்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு. அங்கேயும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம், அங்கேயும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. அவர்கள் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை, அதனால் கியர் பாக்ஸையே மாற்றிவிடலாம், ஆனால் இந்த மாடலுக்குக் கியர் பாக்ஸ் இப்போது வருவதில்லை என்றார்கள். கேட்டீங்களா? ஒன்றும் தெரியவில்லை, அதனால் மாற்றலாம், ஆனால் கிடைக்காது. இதைச் சொல்ல மூணு பேர் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

இப்படி அஞ்சு மாசம். எனக்கு வெறுத்தே போய்விட்டது. வண்டியை மூடி நிறுத்திவிட்டு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். காலையில் பதினெட்டு, சாயந்தரம் பதினெட்டு. ரிட்டயர் ஆன எனக்கும் ஒரு வேலை ஆயிற்று. எனக்கென்னவோ அதுவே நன்றாகத்தான் இருந்தது. ரெண்டு பேரும் பேசிக்கொண்டே போகலாம். நான் பேசுவேன், அவள் கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஸ்கூட்டரில் கால் தொங்கினால் நரம்பு இழுக்குமாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லாவிட்டால் எனக்கெப்படித் தெரியும்?

அந்தச் சமயம் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் பதவி உயர்வுப் பட்டியலில் இவள் பேர் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் காத்திருந்தது. ஆனால் கலந்தாய்வில் எந்த ஊரில் இடம் காலியாக இருக்கிறதோ அதைத்தான் எடுக்கவேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்தால் இன்னும் நாலு வருஷ சர்வீஸில் திரும்பக் கிடைக்குமா என்ன? தூரத்து ஊர் என்றால் கார் வேண்டும். கார் வழுக்குகிறது. நான் யதார்த்தத்தைச் சொன்னேன். விட்டுத்தள்ளு, ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனால் தலைவலிதான், நான் ஸ்கூட்டரில் விடுகிறேன், நிம்மதியாக இரு என்றேன். அவளோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஓர் ஆளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அல்போன்ஸ் என்று பேர். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பாராம். போர்டுகூடக் கிடையாது. போனதும் நான் முதலிலிருந்து விவரமாகச் சொன்னேன், ஆடி மாசத்திலிருந்து. கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "நீங்க ஓட்டும்போதும் இப்படித்தானா சார்?" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க. அதைச் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது? வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வண்டி ஓட்டத்தான் வேண்டுமா? பனியன் செக் பண்ணுகிறவன் அத்தனை சைஸையும் போட்டுப் பார்த்தா செக் பண்ணுகிறான்? ஆனால் அந்த மனுஷன் அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஓட்டறவங்க சொல்லட்டும்" என்று அவளைப் பார்த்து நின்றுகொண்டார். எப்போது வழுக்குகிறது, கிளம்பினதுமா, சூடானப்புறமா, ஏற்றத்திலா, சமதரையிலா? ஒவ்வொன்றுக்கும் நான் வாயைத் திறப்பேன், அவர் கையை இப்படி லேசாகக் காட்டுவார். வகுப்பில் பேசுகிற பையனை வாத்தியார் அடக்குகிற மாதிரி.

"சித்த நேரம் நிறுத்தி வச்சா தானா சரியாயிடும்" என்று அவள் சொன்னதும் அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நேரம் என்று கேட்டார். பத்து நிமிஷம் போதும் என்றாள். இன்ஜினை அணைக்கவேண்டுமா, ஓடிக்கொண்டிருந்தாலும் சரியாகிறதா என்று கேட்டார். அணைத்தால்தான் என்றாள்.

அவர் உடனே கியர் பாக்ஸில் ஒரு மீட்டரைக் குழாய் போட்டு மாட்டி, குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். உள்ளே ஆயில் எத்தனை அழுத்தத்தில் போகிறது என்று அது காட்டுமாம். ஓட்டியது சாந்தாமணி. நான் பின் சீட்டில். அவிநாசி ரோட்டில் போய்க்கொண்டே இருந்தோம். கால் மணி நேரம் முள் அசையவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்க இறங்க இன்ஜின் கத்த ஆரம்பித்தது, வண்டியின் வேகம் விழுந்தது. அவள் காலைப் பார்த்தேன். பிரேக்கில் இல்லை. நன்றாகத் தள்ளித்தான் வைத்திருந்தாள்.

ஓரம் கட்டி அணைக்கச் சொன்னார். பத்து நிமிஷம் மூணு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் முள் பழைய இடத்துக்கு ஏறி நிற்கிறது.

"தேய்மானமா இருந்தா பத்து நிமிஷத்துல வளந்துக்காது டீச்சர்" என்றார் அல்போன்ஸ். "ஆயிலை உறிஞ்சற வாய்ல என்னமோ அடைக்குது. ஓடும்போது வந்து ஒட்டிக்குது, அணைச்சா கீழ விழுந்துருது. நீங்க ஒர்க்‌ஷாப் போயிக் காத்திருக்கற நேரத்துல அது விழுந்துருக்கும். அதான் எவன் ஓட்டிப் பாத்தாலும் நல்லா ஓடியிருக்கு. நிறுத்துனா சரியாகுதுன்னு யார் கவனிச்சது?"

"நாந்தான்" என்றாள். "அஞ்சு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

அதற்கு அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் என்ன? சொல்லுங்க.

இனிமேல்தான் கேட்கவேண்டும். வண்டியை ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி, கியர் பாக்ஸின் அடிச்சட்டியைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு வடிகட்டி. அதன் வாய் முழுக்கக் கம்பளிப் போர்வை போர்த்தின மாதிரி சிவப்பாக என்னமோ அப்பிக்கிடந்தது. சட்டியின் அடியிலும் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அந்த ஆயில் சிவப்பு. பெட்ரோலில் ஒரு கை அலசினால் வெள்ளையாகிவிட்டது. பஞ்சு.

நான் கையில் வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தேன். தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது. முப்பதாம் நம்பர் நூல், கோம்டு, சிங்கிள் ஜெர்சி, பனியனுக்கென்றே பின்னுகிற துணி. "இது எங்க கம்பெனித் துணிங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால், சத்தமாக. அல்போன்ஸே அசந்துபோயிருப்பார். இத்துணூண்டு பஞ்சை வைத்து எந்தக் கம்பெனி என்று சொல்ல இந்தத் திருப்பூரில் எத்தனை பேர் இருக்கிறான்? விரல் விட்டு எண்ணலாம்.

அல்போன்ஸ் மெதுவாக, "சார் குச்சியை எதுல துடைப்பீங்க?" என்று கேட்டார்.

சாந்தாமணி டேஷ்போர்டிலிருந்து வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். பதினொரு வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது. புரட்டினாள், ஒரு இடத்தில் விரலை வைத்தாள். இங்கிலீஷில் ஒரு தடவை படித்துவிட்டு எனக்காகத் தமிழில் சொன்னாள். "குச்சியைப் பஞ்சு விடாத துணியால மட்டும் துடைக்கவும்னு போட்டிருக்குங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதெல்லாம் வெளிநாட்டுத் துணிக்கு எழுதினதுங்க. எங்க துணி பஞ்சு விடாது. விட்டால் நான் பாஸ் பண்ணியிருப்பேனா? முப்பத்தொரு வருஷத்தில் பஞ்சு விடுகிறது என்று ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. அதை வெட்டினால் வெட்டின ஓரத்தில் ரெண்டு நூல் எட்டிப் பார்க்கும்தான், அதை யார் இல்லை என்றது? ரெண்டு நூல். ஒரு நாளைக்கு ரெண்டு நூல் போனால் என்ன ஆகிவிடும்? எனக்கு அந்த டாக்டர் மேல்தான் சந்தேகம். திருப்பூர்ப் பக்கம் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர், அவரும் எங்க கம்பெனி வேஸ்ட்டை வாங்கித் துடைத்திருக்கலாம். குப்புராஜ் ஆயில் மாற்றும்போது உள்ளே விட்டிருக்கலாம். எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

வடிகட்டியை மாற்றி, உள்ளே எல்லாம் அலசிப் பூட்டிக் கொடுத்தார். வீட்டு வாசலில் இறங்கினதும் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "இனிமே காலைல நீங்க பானெட்டைத் திறக்க வேண்டாங்க." சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். போர்டில் கணக்குப் போடுகிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரெண்டு மாசம் ஆகிறது தம்பி. நானும் அந்த வண்டியில் ஏறவில்லை. என் மேல் போட்ட பழியைத் திரும்ப எடுக்கிறவரைக்கும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் இல்லை, நடேசனிடம் சொன்னேன். கடைக்குப் போனால் நடந்து போகிறேன், கல்யாணத்துக்குப் போனால் நான் பஸ்ஸில், அவள் காரில். காலையில் ஆறு மணிக்கு முழிப்பு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. எழுந்து வாசலில் நிற்பேன். வண்டி நிற்கும். வேற வேலை இருக்காது.

விற்கிற விஷயம் அவளுக்குத் தெரியுமா என்றுதானே கேட்கிறீங்க? இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் அந்தக் கலந்தாய்வு, அதற்குத்தான் போயிருக்கிறாள். இந்தப் பக்கம் ஒரு இடமும் காலியில்லை என்று விசாரித்துவிட்டேன். எப்படியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். மனசு விட்டுப்போய் வருகிற நேரத்தில், கவலைப்படாதே, ஆளே வந்தாச்சு, வண்டியைக் கொடுத்துவிடலாம், பழையபடி ஸ்கூட்டரில் நான் விடுகிறேன் என்று சொன்னால் ஆறுதலாக இருக்கும் அல்லவா? அதனால்தான் உங்களை இன்றைக்கு வரச் சொன்னேன்.

இதோ ஹாரன். இருங்க, கேட்டைத் திறந்துவிட்டு வருகிறேன்.

அவள் உள்ளே போய்விட்டாள், உட்காருங்க தம்பி, ஏன் எழுந்து நிற்கிறீங்க. அவள் சொன்னதை நீங்களே காதால் கேட்டீங்க அல்லவா, நான் என்னத்தைச் சொல்ல? கிடைத்த ஸ்கூல் அறச்சலூர்ப் பக்கமாம். ஆர்டரே வாங்கிவிட்டாள். போக நாற்பத்தைந்து கிலோமீட்டர், வர நாற்பத்தைந்து. நான் உங்களை இன்னார் என்று சொல்லுவதற்குள் உங்க கையிலிருந்த போனில் தெரிந்த விளம்பரத்தையும் வண்டியையும் ஒரு பார்வை பார்த்தாள், புரிந்துவிட்டது. எந்த ஊர் என்று மட்டும் உங்களைக் கேட்டாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. "தம்பி, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, சங்கடமா இருக்குது. இது நான் நாளையிலிருந்து தினம் ஓட்டவேண்டிய வண்டிங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டினாளா? இல்லை. திட்டினால் தேவலை.

இனிப்பு வாங்கி வந்திருக்கிறாள். உங்களுக்கும் வரும்.

ஸ்கூலை நாளைக்கே போய்ப் பார்க்கப் போகிறாளாம். உள்ளே போகும்போது, "வர்றதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளே, அது என்னிடம் சொன்னதுதானே? உங்க காதிலும் விழுந்ததா? எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. கேட்காமல் இருந்தால் கிளம்பிப் போய்விடுவாள். நான் போய்க் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பஞ்சு உட்பட.

தட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள் பாருங்க. தம்பி, நீங்க கேளுங்களேன். எனக்காக என்று தெரிய வேண்டாம். இனிப்பை எடுக்கும்போது பேச்சோடு பேச்சாக, நாளைக்கு எத்தனை மணிக்குங்க கிளம்பறீங்க என்று சும்மா கேட்டுவைங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.